புள்ளிக்கு வலது பக்கம்: தசம எண்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோடு பக்கம் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். பின்னம் வரை ஓரளவு வந்துவிடுகிற பிள்ளைகள்கூடத் தசமத்தில் வந்து தடுமாறுகிறார்கள். அவர்களைக் கூட்டிப்போக வரும் அப்பா அம்மாவும் பால் சொசைட்டிச் சீட்டையோ பட்டாவையோ நீட்டி, அதே சந்தேகத்தை வேறு மாதிரி கேட்கிறார்கள். அடிக்கடி காதில் விழுந்த கேள்விகளை எளியதிலிருந்து சிக்கலானது வரை அடுக்கி, கேட்டவர்களின் பேச்சிலேயே கொடுத்திருக்கிறேன். ஒரு விடை இன்னொன்றைத் தொட்டு நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. புள்ளிக்கு அப்புறம் வர்ற நம்பர் எதுக்கு மிஸ்? முழு நம்பரே போதாதா?

ஆடு எத்தனை, தென்னை எத்தனை என்று எண்ணுவதற்கு முழு எண் போதும். அளக்கும்போதுதான் போதாமல் போகிறது. ஒரு பலகையை டேப் வைத்து அளந்தால் அது சரியாக 2 மீட்டரில் முடிவதில்லை. 2 மீட்டரும் இன்னும் கொஞ்சமும் இருக்கும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று சொல்லத்தான் புள்ளி.

டேப்பைப் பிரித்துத் தரையில் வைத்துப் பாருங்கள். ஒரு மீட்டரைப் பத்துச் சம பங்காக்கினால் ஒரு பங்கு 10 சென்டிமீட்டர். அந்தப் பங்கைப் பத்தாக்கினால் 1 சென்டிமீட்டர். அதையும் பத்தாக்கினால் 1 மில்லிமீட்டர். டேப்பில் நெருக்கமாக இருக்கும் சின்னக் கோடுகள் அவைதான். பலகையின் நீளம் 2.347 மீட்டர் என்றால், 2 மீட்டரைத் தாண்டி விரலை 30 சென்டிமீட்டர் நகர்த்துங்கள். அது பத்தில் ஒன்றாம் இடத்து 3. இன்னும் 4 சென்டிமீட்டர் போங்கள். அது நூறில் ஒன்றாம் இடத்து 4. அதற்குமேல் 7 சின்னக் கோடு. அது ஆயிரத்தில் ஒன்றாம் இடத்து 7.

வலது பக்கம் போகப் போக ஒவ்வொரு இடமும் முந்தைய இடத்தில் பத்தில் ஒரு பங்கு. நூறு, பத்து, ஒன்று என்று ஏற்கெனவே படித்த வரிசை அப்படித்தானே இறங்குகிறது? அது ஒன்றோடு நிற்காமல் தொடர்ந்து இறங்கினால் தசமம்.

2. இடது பக்கம் ஒன்றாம் இடம், பத்தாம் இடம்னு வருது. வலது பக்கம் மட்டும் ஏன் நேரா பத்தில் ஒன்றுல ஆரம்பிக்குது? ஒரு இடம் விட்டுப்போச்சா?

விட்டுப்போகவில்லை. வரிசையின் நடு இடம் புள்ளி என்று நினைப்பதால்தான் அப்படித் தெரிகிறது. நடு இடம் ஒன்றாம் இடம். அதற்கு இடப்பக்கம் ஒரு அடி வைத்தால் பத்து, வலப்பக்கம் ஒரு அடி வைத்தால் பத்தில் ஒன்று. இரண்டு அடி வைத்தால் நூறு, நூறில் ஒன்று. புள்ளிக்கென்று தனி மதிப்பு கிடையாது. ஒன்றாம் இடம் எது என்று காட்டுவதற்காக அதன் வலப்பக்கத்தில் வைக்கிற குறி, அவ்வளவே.

3. 2.35-ஐ ரெண்டு பாயிண்ட் முப்பத்தஞ்சுன்னு சொன்னா என்ன தப்பு? எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க.

இரண்டு முழுசும் நூறில் முப்பத்தைந்து பங்கும் என்ற பொருளில் தப்பே இல்லை. ஆனால் அப்படிச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு 2.35-உம் 2.4-உம் பக்கத்தில் வந்தால், காதில் முப்பத்தைந்தும் நாலும் விழுகின்றன. உடனே முப்பத்தைந்துதான் பெரிது என்று முடிவு கட்டிவிடுகிறது. அதனால் நான் இலக்கம் இலக்கமாகவே சொல்ல வைக்கிறேன்: இரண்டு புள்ளி மூன்று ஐந்து. பணத்தில் மட்டும் 'இரண்டு ரூபாய் முப்பத்தைந்து காசு' என்று சொல்லலாம். அங்கே நூறு காசு ஒரு ரூபாய் என்பது எல்லோருக்கும் தெரியும்.

4. 0.35 பெருசா, 0.4 பெருசா? முப்பத்தஞ்சு நாலைவிடப் பெருசாச்சே!

0.4 பெரிது. பத்தில் ஒன்றாம் இடத்தை முதலில் பாருங்கள். ஒன்றில் 3, மற்றதில் 4. அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது. 0.35-இல் அடுத்து வரும் 5 நூறில் ஒன்றுகள். அப்படி 5 சேர்ந்தாலும் இன்னொரு பத்தில் ஒன்று ஆகாது. சந்தேகம் இருந்தால் 0.4-ஐ 0.40 என்று எழுதிப் பாருங்கள். நூறில் 35 பங்கு, நூறில் 40 பங்கு என்று நேருக்கு நேர் நிற்கும்.

இதில் பெரியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 'நீளமாக இருந்தால் பெரிது' என்று நினைக்கும் பிள்ளை 0.35 என்று சொல்லித் தப்பு வாங்கும். இன்னொரு வகைப் பிள்ளை உண்டு. வலது பக்கம் போகப் போக இடங்கள் சிறிதாகின்றன என்று கேட்டுவிட்டு, 'அப்படியானால் நீளமாக இருக்கும் எண் சிறிது' என்று தானாக ஒரு விதி போட்டுக்கொள்ளும். அந்தப் பிள்ளை இந்தக் கேள்விக்கு 0.4 என்று சரியாகச் சொல்லிவிடும், நாமும் டிக் போட்டுவிடுவோம். அடுத்ததாக 0.45-உம் 0.4-உம் கொடுத்துப் பாருங்கள், 0.4 பெரிது என்று சொல்லும். அதனால் இந்த இரண்டு ஜோடிகளையும் சேர்த்தே கேளுங்கள். இரண்டையும் சரியாகச் சொன்னால்தான் பிள்ளை இடத்தைப் பார்க்கிறது என்று நம்பலாம்.

இலக்கங்களின் எண்ணிக்கைக்கும் அளவுக்கும் தசமத்தில் சம்பந்தமில்லை. முழு எண்ணில் நாலு இலக்க எண் மூன்று இலக்க எண்ணைவிட எப்போதும் பெரிது. பல வருடம் பழகிய அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாருகிறது. பிள்ளைகளைத் திட்டுவதில் பயனில்லை.

5. 0.5, 0.50, 0.500 எல்லாம் ஒண்ணுதானா? ஒண்ணுன்னா தராசு ஏன் 0.500-ன்னு காட்டுது?

அளவு ஒன்றுதான். கடைசியில் சேர்க்கும் சைபர் 'நூறில் ஒன்று எதுவும் இல்லை, ஆயிரத்தில் ஒன்று எதுவும் இல்லை' என்று மட்டும் சொல்கிறது. எலெக்ட்ரானிக் தராசு கிராம் வரை காட்டுவதால் கிலோவில் மூன்று இடம் எழுதுகிறது. அது 0.500 என்று காட்டினால், கிராம் வரை பார்த்துச் சொல்கிறது என்று பொருள். வெறும் 0.5 என்று ஒருவர் எழுதினால் அவ்வளவு நுணுக்கமாக அளந்தாரா என்று தெரியாது.

நடுவில் வரும் சைபர் வேறு விஷயம். 0.75 கிலோ முக்கால் கிலோ. 0.075 கிலோ 75 கிராம். நடுச் சைபரை விழுங்கினால் அளவு பத்து மடங்கு மாறிவிடும். புள்ளிக்கு முன்னால் தனியாக வரும் சைபர் மதிப்பை மாற்றாது. ஆனாலும் .5 என்று எழுதாமல் 0.5 என்றே எழுதச் சொல்கிறேன். மங்கலான சீட்டில் புள்ளி அழிந்துபோனால் .5 வெறும் 5 ஆகிவிடும்.

6. மண்டிக்குப் போன மாங்கா 3 டன் 75 கிலோ. 3.75 டன்னுதான எழுதணும்?

இல்லை, 3.075 டன். ஒரு டன் 1000 கிலோ. 75 கிலோ என்பது ஆயிரத்தில் 75 பங்கு, எனவே மூன்று இடம் வேண்டும்: 0.075. நீங்கள் எழுதிய 3.75 டன் என்றால் 3750 கிலோ. வித்தியாசம் 675 கிலோ. தோத்தாபுரி மாங்காய் சீசனில் ஒரு சின்ன வண்டிச் சுமை அது.

இங்கே ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: பெரிய அலகில் சின்ன அலகு எத்தனை? நூறு என்றால் இரண்டு இடம், ஆயிரம் என்றால் மூன்று இடம். ஏக்கரும் சென்டும் நூறு கணக்கு, ஆகவே 1 ஏக்கர் 5 சென்ட் 1.05 ஏக்கர். கிலோவும் கிராமும் ஆயிரம் கணக்கு, ஆகவே 1 கிலோ 5 கிராம் 1.005 கிலோ.

7. ₹12.5-ன்னு கால்குலேட்டர் காட்டுது. பன்னண்டு ரூபா அஞ்சு காசா?

பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு. கால்குலேட்டர் கடைசிச் சைபரை எழுதாது, அவ்வளவுதான் (5-ஆவது விடையைப் பாருங்கள்). ஐந்து காசு என்றால் 12.05.

நம் ரூபாய் ஆரம்பத்திலிருந்தே நூறு காசாக இருக்கவில்லை. 1957 ஏப்ரல் 1-க்கு முன்பு ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. அன்றுதான் நூறு நயா பைசா வந்தது. தாத்தா பாட்டி 'நாலணா', 'எட்டணா' என்று சொல்வது 25 காசு, 50 காசு. ஒரு அணா என்றால் 1/16 ரூபாய், அதாவது 0.0625 ரூபாய், ஆறேகால் காசு. பழைய காசை மாற்றும்போது அந்தக் கால் காசை என்ன செய்வது என்று ஜனங்கள் திண்டாடியிருப்பார்கள். பத்துப் பத்தாக ஏறும் அலகுகள் வந்த பிறகு காசும் எடையும் நீளமும் ஒரே புள்ளிக் கணக்குக்குள் வந்துவிட்டன.

8. 4.2, 0.35, 7 மூணையும் கூட்டுனா 0.84-ன்னு வருது. எங்க தப்பு?

முழு எண்ணில் வலது ஓரத்தை நேராக்கி எழுதுவோம். அதே பழக்கத்தில் 42, 35, 7 என்று ஓரம் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். தசமத்தில் புள்ளிக்குக் கீழே புள்ளி வர வேண்டும். 7-க்குப் புள்ளி எங்கே? அதன் வலது பக்கம்: 7.00. இனி 4.20, 0.35, 7.00. விடை 11.55.

கூட்டுவதற்கு முன் ஒரு உத்தேசம் வைத்துக்கொண்டால் இந்தத் தப்பு தானாக மாட்டிக்கொள்ளும். நாலும் ஏழும் சேர்ந்தாலே பதினொன்று. விடை ஒன்றுக்குக் கீழே வர வழியே இல்லை.

9. பத்தால பெருக்குனா பக்கத்துல ஒரு சைபர் போடணும்னு சொன்னீங்க. 2.5-க்குப் போட்டா 2.50. அது 2.5-தான?

சைபர் போடும் விதி முழு எண்ணுக்கு மட்டும் பலிக்கும். உண்மையில் நடப்பது வேறு: பத்தால் பெருக்கும்போது ஒவ்வொரு இலக்கமும் ஒரு இடம் இடப்பக்கம் ஏறுகிறது. 2.5-இல் இருக்கும் 2 ஒன்றாம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்கும், 5 பத்தில் ஒன்றிலிருந்து ஒன்றாம் இடத்துக்கும் போகும்: 25. முழு எண்ணில் இலக்கங்கள் ஏறியதும் காலியான ஒன்றாம் இடத்தில் சைபர் நிற்கும். அதைத்தான் 'சைபர் போடுவது' என்று சுருக்கிச் சொல்லிவிட்டோம். நூறால் பெருக்கினால் இரண்டு இடம். வகுத்தால் அதே கணக்கில் வலப்பக்கம் இறங்கும்.

10. 0.3 × 0.2 எப்படி 0.06 ஆகும்? பெருக்குனா பெருசாகணும்ல?

கட்டம் போட்ட நோட்டில் பத்துக்குப் பத்து என்று ஒரு சதுரம் வரையுங்கள். மொத்தம் நூறு சின்னக் கட்டம். அந்தச் சதுரம் முழுவதும் 1 என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் மூன்று கட்டம் 0.3, உயரத்தில் இரண்டு கட்டம் 0.2. இரண்டும் சேர்ந்து மறைக்கும் மூலையை எண்ணினால் ஆறு கட்டம். நூறில் ஆறு, 0.06. பத்தில் ஒன்றைப் பத்தில் ஒன்றால் பெருக்கினால் நூறில் ஒன்று கிடைக்கிறது. 'இரண்டிலும் இருக்கும் தசம இடங்களைக் கூட்டிப் புள்ளி வை' என்ற விதி வந்தது இதனால்தான்.

பெருக்கல் பெரிதாக்கும் என்பது ஒன்றைவிடப் பெரிய எண்ணால் பெருக்கும்போது மட்டும் உண்மை. 0.2-ஆல் பெருக்குவது ஐந்தில் ஒரு பங்கு எடுப்பது. பங்கு எடுத்தால் குறையத்தான் செய்யும்.

11. அப்ப வகுத்தா பெருசாகுமா?

ஒன்றைவிடச் சின்ன எண்ணால் வகுத்தால் ஆகும். 6 கிலோ புளியைக் கால் கிலோ பாக்கெட்டாகப் போட்டால் எத்தனை பாக்கெட்? 6 ÷ 0.25. ஒரு கிலோவுக்கு நாலு பாக்கெட் என்றால் 24. ஆறு என்பது கிலோ, இருபத்து நாலு என்பது பாக்கெட். புளி அதிகமாகவில்லை.

தாளில் போடும்போது இரண்டு எண்களையும் நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 600 ÷ 25. இரண்டும் ஒரே மடங்கு பெருகியதால் விடை மாறாது. 'புள்ளியை இரண்டு இடம் தள்ளு' என்று சொல்லித் தருவது இதைத்தான். 9-ஆம் கேள்வியின் விடை புரிந்திருந்தால் இது தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய விதி அல்ல.

12. அஞ்சடி ஆறு அங்குலத்தை 5.6-ன்னு எழுதலாமா?

பேச்சுக்கு எழுதுகிறார்கள். கணக்குக்குக் கூடாது. ஒரு அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், எனவே ஆறு அங்குலம் அரை அடி: 5.5 அடி. உண்மையான 5.6 அடி என்றால் 5 அடி 7.2 அங்குலம். இன்னும் மோசம் 5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று எழுதுவது; தசமமாகப் படித்தால் அது 5.1, அதாவது ஐந்தடிக்கு மேல் ஓர் அங்குலமும் சொச்சமும். மொத்த உயரம் 52 அடி உள்ள நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் நீர்மட்டம் 50.65 அடி என்று செய்தியில் வருகிறதே, அது முறையான தசமம். 0.65 அடி என்பது 7.8 அங்குலம்.

இதே குழப்பம் இன்னும் இரண்டு இடத்தில் வரும். கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் 4 ஓவர் 3 பந்து. ஓவருக்கு ஆறு பந்து என்பதால் தசமத்தில் அது 4.5 ஓவர். 36 ரன் அடித்திருந்தால் ரன் ரேட் 36 ÷ 4.5 = 8. பஸ் '1.30 மணி நேரம்' ஆகும் என்றால் தசமத்தில் 1.5 மணி. இங்கெல்லாம் புள்ளி இரண்டு வேறு அலகுகளைப் பிரித்துக் காட்டும் குறியாக நிற்கிறது. பத்து, நூறு, ஆயிரம் என்று ஏறாத இரண்டு அலகுகளை நடுவில் புள்ளி வைத்துச் சேர்த்து எழுதினால் அது தசமம் ஆகாது.

13. பட்டாவுல 0.08.5-ன்னு ரெண்டு புள்ளி இருக்கு. இது என்ன கணக்கு டீச்சரம்மா?

இதை நின்று பார்க்க வேண்டும். முதல் புள்ளி ஹெக்டேரையும் ஏரையும் பிரிக்கிறது. இரண்டாவது புள்ளிதான் தசமப் புள்ளி. அதாவது 0 ஹெக்டேர், 8.5 ஏர். சில பத்திரங்களில் முதல் புள்ளி இருக்கும் இடத்தில் சிறு கோடு போட்டிருப்பார்கள்; பொருள் ஒன்றே. ஒரு ஹெக்டேருக்கு 100 ஏர், ஒரு ஏருக்கு 100 சதுர மீட்டர். நூறு கணக்கு என்பதால் ஹெக்டேரில் எழுத முழு ஏருக்கு இரண்டு இடம் வேண்டும் (6-ஆவது விடை); அரை ஏரின் 5 மூன்றாவது இடத்துக்குப் போகும். எனவே இது 0.085 ஹெக்டேர்.

அந்தச் சைபரை விட்டுவிட்டு 0.85 என்று படித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். ஒரு ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட். 8.5 ஏர் சுமார் 21 சென்ட். ஆனால் 0.85 ஹெக்டேர், அதாவது 85 ஏர், சுமார் 2 ஏக்கர் 10 சென்ட். இருபத்தொரு சென்டும் இரண்டு ஏக்கரும் ஒன்றாகுமா? அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது இந்த ஒரு சைபருக்காக வாய்ச்சண்டை வரக்கூடாது. பட்டாவைப் பார்த்ததும் முதலில் ஏரை மட்டும் தனியாக எழுதுங்கள், பிறகு 2.47-ஆல் பெருக்கிச் சென்டாக்குங்கள். 0.40.5 என்று இருந்தால் 40.5 ஏர், கிட்டத்தட்டச் சரியாக ஒரு ஏக்கர். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதை ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

14. சொசைட்டியில ஃபேட் 4.3 இருந்தது, இப்ப 4.0. வெறும் மூணு பாயிண்ட்தான குறைஞ்சிருக்கு?

நீங்கள் 'மூணு பாயிண்ட்' என்று சொல்வது பத்தில் மூன்று, 0.3. ஃபேட் என்பது நூறு கிராம் பாலில் எத்தனை கிராம் கொழுப்பு என்ற கணக்கு. 10 கிலோ பாலில் 4.3 என்றால் 430 கிராம், 4.0 என்றால் 400 கிராம். தினம் 10 கிலோ ஊற்றினால் 30 கிராம் கொழுப்பு குறைகிறது. முன்பிருந்த கொழுப்பில் ஏறக்குறைய 7 சதவீதம் போய்விட்டது. 'வெறும்' என்று தள்ளிவிடும் அளவு அல்ல.

சதவீதமும் தசமமும் ஒன்றே என்பதையும் இங்கே பார்த்துக்கொள்ளுங்கள். 4.3 சதவீதம் என்றால் நூறில் 4.3, அதாவது 0.043. பால் எடையை 0.043-ஆல் பெருக்கினால் கொழுப்பின் எடை வரும். பிள்ளைகள் 0.43 என்று போட்டுவிடுவார்கள். அப்படியானால் 10 கிலோ பாலில் 4.3 கிலோ கொழுப்பு. எருமைப்பால்கூட அப்படி இருக்காது.

15. ஓசூர் கம்பெனில வெளிநாட்டு மெஷின் டிராயிங்ல 3,5-ன்னு போட்டிருக்கு. அது முப்பத்தஞ்சா?

மூன்றரை. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் தசமத்துக்குக் கமா போடுவார்கள். ஆயிரத்தைப் பிரிக்கச் சில இடங்களில் புள்ளி வைப்பதும் உண்டு, ஆகவே 12.500 என்று பார்த்தால் பன்னிரண்டரையா, பன்னிரண்டாயிரத்து ஐந்நூறா என்று டிராயிங்கின் மற்ற அளவுகளை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். லேத்தில் நிற்பவருக்கு 0.2 மில்லிமீட்டருக்கும் 0.02-க்கும் உள்ள தூரம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலாவது 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று), இரண்டாவது 20.

16. மூணுல ஒண்ணைத் தசமமா எழுதச் சொன்னா முடியவே மாட்டேங்குது. நான் ஏதோ தப்பு பண்றனா?

தப்பு இல்லை, அது முடியாது. 1-ஐ 3-ஆல் வகுக்கப் போனால் 10-இல் மூன்று தடவை போய் மீதி 1. மறுபடி 10, மறுபடி மூன்று தடவை, மறுபடி மீதி 1. மீதி அதேயாக வருவதால் 0.333... என்று போய்க்கொண்டே இருக்கும். ஏழில் ஒன்று 0.142857 வரை போய் மறுபடி 142857 என்று சுழலும்.

எது முடியும், எது முடியாது என்று முன்கூட்டியே சொல்லலாம். பின்னத்தைச் சுருக்கிய பிறகு, கீழே இருக்கும் எண்ணை 2-உம் 5-உம் மட்டும் பெருக்கி உண்டாக்க முடிந்தால் முடியும். பத்து என்பது 2 × 5 என்பதால் வரும் விளைவு இது. நம் பழைய பின்னங்களைப் பாருங்கள்: அரைக்கால் 1/8, அது 0.125. மாகாணி 1/16, அது 0.0625. மா 1/20, அது 0.05. காணி 1/80, அது 0.0125. முந்திரி 1/320, அது 0.003125. எண்பதும் முந்நூற்றிருபதும் 2, 5 இவற்றால் மட்டுமே ஆனவை, அதனால் எல்லாம் முடிகின்றன. மூன்றில் ஒன்று அந்த வரிசையில் இல்லை. எனக்கு இந்த வரிசை மிகவும் பிடிக்கும். பிள்ளைகளை ஒவ்வொன்றையும் பாதியாக்கிப் பாதியாக்கிக் கண்டுபிடிக்க வைப்பேன்.

17. நகையில 916-ன்னு போடுறாங்களே, அது என்ன நம்பர்?

ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், அதாவது 0.916. 22 காரட் என்பது 24-இல் 22 பங்கு. 22 ÷ 24 போட்டுப் பாருங்கள்: 0.91666... முடியாத தசமம். மூன்று இடத்தோடு வெட்டி 916 என்று முத்திரை இடுகிறார்கள். ஒரு பவுன் 8 கிராம் 916 நகையில் தங்கம் மட்டும் 8 × 0.916 = 7.328 கிராம்.

18. அப்ப ரவுண்ட் பண்ணா 917 வரணும்ல? எப்ப வெட்டணும், எப்ப ஏத்தணும்?

முழுதாக்கும் விதிப்படி 917 வரும், சரிதான். ஆனால் தூய்மையை இருப்பதைவிட ஒரு துளிகூடக் கூட்டிச் சொல்லக்கூடாது என்று பார்த்தால் வெட்டுவதுதான் பொருந்தும். பள்ளிக் கணக்கில் வேண்டிய இடத்துக்கு அடுத்த இலக்கத்தைப் பாருங்கள்: 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்று ஏற்றுங்கள், 4 அல்லது அதற்குக் கீழ் என்றால் விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முழுதாக்கியதை மறுபடி முழுதாக்காதீர்கள். 2.449-ஐ ஒரு இடத்துக்கு முழுதாக்கினால் 2.4. ஆனால் முதலில் 2.45 ஆக்கி, அதிலிருந்து 2.5 ஆக்கினால் தப்பு. எப்போதும் முதலில் கிடைத்த எண்ணுக்கே திரும்பிப் போங்கள்.

19. 0.999... முடிவில்லாம போனா அது 1-ஆ? கொஞ்சமாவது கம்மியா இருக்கணும்ல?

சரியாக 1. 'கிட்டத்தட்ட' அல்ல. மூன்றில் ஒன்று 0.333... என்று 16-இல் பார்த்தோம். அதை மூன்றால் பெருக்கினால் ஒரு பக்கம் 0.999..., மறு பக்கம் மூன்று மூன்றில் ஒன்று, அதாவது 1. இரண்டும் ஒரே எண்ணின் இரண்டு எழுத்து வடிவம்.

இதை ஒப்புக்கொள்ள மனம் தயங்கும், நியாயமும்கூட. இப்படி யோசியுங்கள்: இரண்டு வேறு எண்களுக்கு நடுவில் இன்னொரு எண் எப்போதும் இருக்கும். 0.4-க்கும் 0.5-க்கும் நடுவில் 0.45, 0.4-க்கும் 0.41-க்கும் நடுவில் 0.405, இப்படி முடிவே இல்லை. 0.999...-க்கும் 1-க்கும் நடுவில் ஓர் எண்ணைச் சொல்லுங்கள் பார்க்கலாம். எந்த இடத்தில் ஒன்பதை மாற்றினாலும் எண் குறையும். நடுவில் எதுவும் இல்லை என்றால் இரண்டும் ஒன்றே. எங்காவது நிறுத்திவிட்ட 0.999 மட்டும் 1-ஐவிட ஆயிரத்தில் ஒன்று குறைவு.

20. பாலிடெக்னிக்ல பைத்தான் புரோகிராம்ல 0.1 + 0.2 போட்டேன். 0.30000000000000004-ன்னு வருது. கம்ப்யூட்டருக்கே கணக்கு தெரியலையா?

கம்ப்யூட்டர் பத்துப் பத்தாக இறங்குவதில்லை. பாதி, கால், அரைக்கால், மாகாணி என்று இரண்டிரண்டாக இறங்குகிறது. 16-ஆவது விடையை இங்கே திருப்பிப் போடுங்கள். அங்கே கீழெண் 2-உம் 5-உம் மட்டும் என்றால் முடியும் என்றோம். கம்ப்யூட்டருக்கு 2 மட்டுமே உண்டு. பத்தில் ஒன்றின் கீழெண்ணில் 5 இருப்பதால், நமக்கு மூன்றில் ஒன்று முடியாதது போல அதற்குப் பத்தில் ஒன்று முடியாது. எங்கோ ஓர் இடத்தில் முழுதாக்கி வைத்துக்கொள்கிறது. 0.1-இல் ஒரு சிறு பிசகு, 0.2-இல் ஒரு சிறு பிசகு, கூட்டிய பிறகு மறுபடி ஒரு முழுதாக்கல். 18-இல் சொன்ன எச்சரிக்கைதான் இங்கே பதினேழாவது தசம இடத்தில் தலைகாட்டுகிறது. போனில் இருக்கும் கால்குலேட்டர் அந்தக் கடைசி இடங்களைக் காட்டாமல் 0.3 என்று சொல்லிவிடும்.

பணம் சம்பந்தப்பட்ட புரோகிராம் எழுதினால் ரூபாயைத் தசமமாக வைக்காமல் எல்லாவற்றையும் காசில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். ₹12.50 உள்ளே 1250 என்று இருக்கட்டும். திரையில் காட்டும்போது மட்டும் 100-ஆல் வகுத்துப் புள்ளி வையுங்கள்.